மண்ணின் தோலில் ஏழு தடங்கள்

சதுரக்காவின் தோளில் எப்போதும் ஓர் இரும்புச் சட்டம் தொங்கும். முழ நீளம், முழ அகலம், உள்ளே நூல் கட்டிப் பிரித்த கட்டங்கள். பெயர் வந்தது அதனால்தான். வயதில் என்னைவிடச் சிறியவர், ஆனாலும் வறண்ட நில ஆய்வு நிலையத்தில் எல்லாருக்குமே அக்கா. அவருக்கு அங்கே இருபத்து மூன்று வருட சர்வீஸ். எனக்கு அதைவிட இரண்டு வருடம் கூடுதல். ஜீப் ஓட்டி இடுப்பு தேய்ந்ததைத் தவிர அதில் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை.

காலையில் அவரை வெட்டவெளியில் இறக்கிவிடுவேன். சட்டத்தைத் தரையில் வைத்து, குனிந்து, கட்டம் கட்டமாக எண்ணித் தாளில் குறிப்பார். வெயில் மண்டையைப் பிளக்கும். நான் ஜீப் நிழலில் காலை நீட்டிக்கொண்டு, "என்னக்கா, மண்ணுக்குப் பேன் பாக்குறீங்களா?" என்பேன்.

"உன் தலைக்கு இது எவ்வளவோ தேவலை" என்பார், நிமிராமலே.

அவர் எண்ணியது மண்ணின் தோலை. மழை வருடத்துக்கு நாலு நாள் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற நிலம் அது. புதர்களுக்கு நடுவே மண் கறுத்து, சொரசொரவென்று பொருக்குத் தட்டிக் கிடக்கும். பார்க்கிறவன் தீய்ந்துபோன இடம் என்பான், நானும் முதலில் அப்படித்தான் சொன்னேன். உண்மையில் அது முழுக்க உயிர். கண்ணுக்குத் தெரியாத பாசிகள் பின்னிப் பிணைந்து மணலை இறுக்கிப் பிடித்திருக்கின்றன. அது இருக்கிறவரை காற்று மண்ணைக் கிளப்பாது, ஈரம் நிற்கும், புல் முளைக்கும். ஒரு ஆள் மிதித்தால் நொறுங்கிவிடும். திரும்ப வளர ஒரு தலைமுறை ஆகலாம். அதனால் கல் பதித்து எல்லை கட்டி அளக்கிற அடைப்புகளுக்குள் யாரும் கால் வைக்கக் கூடாது. ஓரத்துக் கற்கள்மேல் நடக்க வேண்டும். உள்ளே போக வேண்டுமென்றால் கல்லிலிருந்து கல்லுக்குப் பலகை போட்டு, அதன்மேல் படுத்து வேலை செய்ய வேண்டும். பார்வையிட வந்த பெரிய மனிதர்களையே சதுரக்கா அதட்டிக் கல்லில் ஏற்றியிருக்கிறார்.

அப்படிப்பட்டவருடைய ஒன்பதாம் அடைப்பில் ஏழு காலடித் தடங்கள் இருந்தன. கறுப்புப் பரப்பில் வெளுத்துத் தெரியும் சின்னத் தடங்கள்.

அவை அவர் மகளுடையவை. அப்போது அவளுக்கு ஆறு வயது. பள்ளி விடுமுறை, வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று கூட்டிவந்திருந்தார். சதுரக்கா பலகைமேல் படுத்து எண்ணிக்கொண்டிருந்தார். ஜீப்பில் என்னோடு இருந்தவள் இறங்கி, கல்லெல்லாம் சுற்றிவர யாருக்குப் பொறுமை என்று, தண்ணீர் பாட்டிலோடு நேராக அம்மாவிடம் ஓடினாள். ஏழே எட்டில் போய்ச் சேர்ந்தாள். சதுரக்கா எழுந்து முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார்.

"மண்ணுக்கு உசிர் இருக்குன்னு எத்தனை தடவை சொல்றது?"

அவள் ஜீப்பின் பின்சீட்டில் அழுது அழுது தூங்கிப்போனாள். அடுத்த வாரம் காய்ச்சல் வந்தது. நாலு நாள் ஆஸ்பத்திரி. ஐந்தாம் நாள் அவளை இதே ஜீப்பில்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அதைப் பற்றி இதற்குமேல் எழுத எனக்குத் தெம்பில்லை.

ஆண்டுக் கணக்கெடுப்புத் தாளில் 'உடைந்த இடங்கள்' என்று ஒரு கட்டமும், பக்கத்தில் 'காரணம்' என்று ஒரு கட்டமும் உண்டு. ஆடு, வண்டி, மனிதர் என்று நிரப்ப வேண்டும். ஒன்பதாம் அடைப்புக்குச் சதுரக்கா அதன்பிறகு பன்னிரண்டு வருடமும் பூஜ்யம் போட்டார். ஒரு புல்லைக்கூடக் கூட்டிக் குறைத்து எழுதாதவர் எழுதிய ஒரே பொய் அதுதான். எனக்குத் தெரியும். வாயே திறக்கவில்லை.

இதில் கொடுமை என்னவென்றால், உடைந்த தோலுக்கு மருந்து செய்கிறவரும் அவரே. அலுவலகத்துக்குப் பின்னால் கொட்டகையில் தட்டுத் தட்டாக அந்தப் பாசியை வளர்ப்பார். சாலை போட வெட்டுகிற இடங்களிலிருந்து பொருக்கைப் பெயர்த்து வந்து, நிழலில் ஈரம் காட்டிப் பெருக்கி, நொறுக்கி, உடைந்த இடங்களில் தூவுவார். லாரித் தடங்களும் ஆட்டுப் பாதைகளும் அவர் கைபட்டு மெல்லக் கறுத்தன. அந்த ஏழு தடங்களில் மட்டும் ஒரு சிட்டிகைகூட விழவில்லை.

போன வருடம் புதிதாக ஓர் அதிகாரியம்மா வந்தார். வயது முப்பதுகூட இருக்காது. ஒருநாள் எங்களை உட்காரவைத்து, டிரோன் எடுத்த படத்தை மேசையில் விரித்தார்.

"ஒன்பதுல இந்த ஏழு புள்ளி என்னக்கா? உங்க தாள்ல பூஜ்யம்னு இருக்கே."

நான் சாவிக்கொத்தை ஆராய ஆரம்பித்தேன். சதுரக்கா மறைக்கவில்லை. நாலு வாக்கியத்தில் சொல்லி முடித்தார். அதிகாரியம்மா மூன்று வருடம் பழைய படம் ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். பழைய படத்தில் தடங்கள் தனித்தனியாக இருந்தன. புதியதில் ஓரங்கள் கரைந்து, இரண்டு தடங்கள் ஒன்றாகியிருந்தன.

"காத்து அரிக்குதுக்கா. இப்படியே விட்டா கொஞ்ச வருஷத்துல தடமும் இருக்காது, சுத்தி இருக்கிற தோலும் இருக்காது. நான் உத்தரவு போட மாட்டேன். நீங்களே முடிவு பண்ணுங்க."

எனக்கு அந்தப் பெண்மேல் கோபம் கோபமாக வந்தது. அவர் சொன்னது சரி என்பதால் இன்னும் வந்தது. தூவினால் பிள்ளையின் தடம் மறையும். தூவாவிட்டால் தடத்தோடு நிலமும் போகும். ஒரு தாயிடம் கேட்கிற கேள்வியா இது?

இரண்டு நாள் சதுரக்கா கொட்டகையை விட்டு வெளியே வரவில்லை. மூன்றாம் நாள் காலை மடியில் ஒரு பாசித் தட்டோடு ஜீப்பில் ஏறினார். நான் வண்டியைக் கிளப்பினேன்.

ஒன்பதாம் அடைப்பில் பலகை போட்டோம். அவர் குப்புறப் படுத்துக்கொண்டார். நான் ஓரத்துக் கல்லில் நின்று தட்டை நீட்டினேன். ஒவ்வொரு தடத்திலும் முதலில் உள்ளங்கையைக் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். அப்புறம் தூவினார். ஐந்தாவது தடத்தில் கை நின்றுபோனது. எனக்குத் தாங்கவில்லை.

"அக்கா, அன்னிக்கு நான்தான் பாட்டில்ல தண்ணி புடிச்சுக் குடுத்தேன். 'அம்மா அங்க இருக்காங்க பாரு, ஓடு'ன்னு ஹார்ன் அடிச்சு அனுப்பினேன். கல்லு மேல போன்னு சொல்லணும்னு தோணல."

"தெரியும். ஹார்ன் கேட்டுச்சு."

"பன்னெண்டு வருஷமா ஏன் ஒரு வார்த்தை கேக்கல?"

"நீ ஓடுன்னுதானே சொன்ன. அடிச்சது நான்."

பேசிக்கொண்டே ஆறாவதை முடித்தார். ஏழாவதை முடித்ததும் கையை நீட்டினார். "தண்ணியக் குடு."

கொடுத்தேன். தடம் தடமாக ஊற்றிக்கொண்டே பின்னால் நகர்ந்துவந்தார். காய்ந்து கிடக்கிற அந்தப் பாசிக்கு ஒரு வாய் தண்ணீர் போதும், சில நிமிடத்தில் விழித்துக்கொள்ளும். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஏழு தடங்களிலும் கறுப்பு மாறிப் பச்சை ஏறியது. சதுரக்கா வாய்விட்டு அழுததை அன்றுதான் பார்த்தேன். ஆஸ்பத்திரியில்கூட அவர் அழவில்லை.

அழுது முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஜீப் பானட்மேல் தாளை வைத்து எழுதினார். எட்டிப் பார்த்தேன். ஒன்பதாம் அடைப்பு. உடைந்த இடங்கள்: ஏழு. 'காரணம்' என்ற கட்டத்தில் ஆடு, வண்டி, மனிதர் எதுவும் இல்லை. கட்டத்துக்குள் அடங்காமல் வெளியே வழிந்திருந்தது எழுத்து:

'தண்ணீர் ஊற்றினால் பச்சையாகும், காட்டுகிறேன் என்று சொல்லியிருந்தேன். பார்க்க ஓடி வந்தாள்.'