ஆர்லனின் கணினிக்குத் தகுதி உண்டு

ரிமோட்டில் பறக்கவிடும் மாதிரி விமானம் தரையில் மோதி நொறுங்கும் ஒவ்வொரு முறையும் ஆர்லன் ட்வெய்ட் செய்கிற முதல் காரியம் ஒன்று உண்டு. கையிலிருக்கும் ரிமோட்டைக் காதோரம் தூக்கி இரண்டு முறை குலுக்குவார். உள்ளே ஏதாவது கழன்று உருள்கிறதா என்று கேட்பார். பதினாறு வருடமாக எதுவும் உருண்டதில்லை. ஆனாலும் உருண்டது போலத் தலையை ஆட்டிக்கொள்வார். அடுத்து, காற்றைக் குறை சொல்ல வானத்தைப் பார்ப்பார். அதற்கடுத்து பேட்டரியைத் தொட்டுப் பார்ப்பார். தன் இரண்டு கட்டைவிரல்களை மட்டும் பார்க்க மாட்டார்.

எழுபத்தொரு வயது. மினசோட்டாவில், எல்க் ஃபோர்க்கில், முப்பத்துநான்கு வருடம் வீடு வீடாகப் போய் ஹீட்டர் பழுது பார்த்தவர். பழுது என்றால் அது இயந்திரத்தில்தான் இருக்கும், மனிதரிடம் இருக்காது என்பது தொழிலில் அவர் கண்ட உண்மை. ஓய்வு பெற்ற பிறகும் அந்த உண்மையை அவர் விடவில்லை.

போன செப்டம்பரில், பறக்கும் கிளப்பின் கடைசி பிக்னிக் அன்று, அவருடைய விமானம் தலைவர் டுவேன் க்ரூகரின் பிக்கப் வண்டிக் கண்ணாடிக்குள் மூக்கை நுழைத்து நின்றது. அந்த வருடத்தில் அது மூன்றாவது. டுவேன் கண்ணாடித் துண்டுகளை உருளைக்கிழங்கு சாலட்டிலிருந்து பொறுக்கிக்கொண்டே, "இன்னும் மோசமா ஆகியிருக்கலாம்" என்றார், அவ்வளவுதான். இந்த ஊரில் யாரும் யாரையும் முகத்துக்கு நேரே திட்டுவதில்லை. தீர்மானம் போடுவார்கள்.

தீர்மானம் அக்டோபரில், லூத்தரன் சர்ச்சின் கீழ்த்தளத்தில் நடந்த கூட்டத்தில் வந்தது. ஒரே பருவத்தில் மூன்று முறை விழவைத்தவர், குளிர்காலத்தில், கணினித் திரையில் பறக்கப் பழகும் சிமுலேட்டரில் பத்து மணி நேரம் பறந்து, அதன் பதிவை அச்செடுத்துக் காட்ட வேண்டும். காட்டினால் மே மாதம் தனியாகப் பறக்கலாம். இல்லாவிட்டால் இரட்டை ரிமோட். அதாவது பக்கத்தில் இன்னொருவர் இன்னொரு ரிமோட்டோடு நிற்பார், இரண்டுக்கும் நடுவே ஒரு வயர் ஓடும், நிலைமை கெட்டால் அவர் விமானத்தைத் தன் கைக்கு வாங்கிக்கொள்வார். புதிதாகச் சேர்கிறவர்களுக்கான ஏற்பாடு அது. தீர்மானத்தில் பெயர் எதுவும் இல்லை. பதினெட்டுப் பேரும் குனிந்து அவரவர் காப்பியைப் பார்த்தார்கள்.

ஆர்லனின் வீட்டுக் கீழ்த்தளத்தில் மூன்று குளிர்காலமாக அவர் இழைத்து இழைத்துச் செய்த மஞ்சள் விமானம் இருந்தது. எட்டடி இறக்கை. இன்னும் ஒருமுறைகூட மண்ணைவிட்டு எழும்பாதது. மே முதல் சனிக்கிழமை, எல்லோர் முன்னிலும், தன் கையால் அதை முதன்முறை பறக்கவிடுவதாக ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

கிளப் கொடுத்த சிமுலேட்டர் பெட்டியோடு வீட்டுக்கு வந்ததும் அவர் அதைப் பிரிக்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு பெட்டியின் முதுகைப் படித்தார். எந்த மாதிரிக் கணினி வேண்டும் என்று அங்கே பொடி எழுத்தில் ஒரு பட்டியல் இருந்தது. கணினி தகுதியானதா என்று சோதிக்கிற ஒரு சின்னப் புரோகிராமும் உடன் வந்திருந்தது. ஐந்து வரி காட்டும், தேறினால் பச்சை டிக், தேறாவிட்டால் சிவப்புப் பெருக்கல் குறி. ஆர்லனின் கணினிக்கு நான்கு சிவப்பு வந்தது.

அவருக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது.

"மார்வா! நம்ம கம்ப்யூட்டர் இதுக்கு ஒத்து வராதாம்" என்று மாடிப்படி நோக்கிக் கத்தினார்.

"ஐயோ பாவம்" என்று மேலிருந்து மனைவியின் குரல் வந்தது. "அழுகுரல் மாதிரி தெரியலியே?"

நவம்பர் முழுக்க மெமரிச் சில்லு வாங்கி மாட்டுவதில் போனது. முதலில் வந்தது வேறு ரகம், பள்ளத்தில் உட்காரவில்லை. இரண்டாவது உட்கார்ந்தது. ஒரு சிவப்பு பச்சையானது. டிசம்பரில் கிராபிக்ஸ் கார்டு வந்தது. அது கணினிப் பெட்டியைவிட ஒரு அங்குலம் நீளம். வேறொருவர் என்றால் திருப்பி அனுப்பியிருப்பார். ஆர்லன் ஹீட்டர்க்காரர். தகரக் கத்திரியை எடுத்துப் பெட்டியின் பக்கவாட்டில் ஒரு சதுரம் வெட்டினார். கார்டின் வால் வெளியே வந்தது. அது சூடாகும் என்று படித்ததும், மிச்சம் கிடந்த நாலங்குல ஹீட்டர் குழாயை அந்த ஓட்டையில் பொருத்தி, வளைத்து, ஜன்னல் வரைக்கும் கொண்டுபோய்விட்டார்.

மார்வா துணிக்கூடையோடு கீழே வந்து பார்த்தார்.

"ஆர்லன், இது கம்ப்யூட்டரா, துணி காயவைக்கிற மெஷினா?"

"சூட்டை வெளிய எடுக்கணும் மார்வா. உனக்குப் புரியாது."

"புரியுது, புரியுது. சாக்ஸை எங்க போடணும்னு மட்டும் சொல்லு."

இதற்குள் அவர் புகழ் பரவிவிட்டது. சர்ச் முடிந்து காப்பி குடிக்கும் நேரத்தில் கிளப் ஆட்கள் அவரைச் சுற்றி நின்றார்கள். குளிரில் வெளியே பறக்க முடியாது என்பதால் அவர்களும் சிமுலேட்டர் வாங்கியிருந்தார்கள். யாருக்கும் தங்கள் கணினியின் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. ஆர்லன் பழைய கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பனியில் வீடு வீடாகப் போனார். பழைய நாட்கள் திரும்பிவிட்டது போல இருந்தது. கதவைத் திறப்பார்கள், பூட்ஸைக் கழற்றுவார், எலுமிச்சை பார் என்கிற கேக் ஒரு துண்டு தருவார்கள், இயந்திரத்தின் முன்னால் மண்டியிடுவார், உதட்டைப் பிதுக்குவார். ஜனவரி முடிவதற்குள் ஒன்பது வீட்டில் ஐந்து பச்சையும் வரவைத்துவிட்டார். டுவேன் வீட்டிலும்தான்.

"நீ எத்தனை மணி நேரம் பறந்திருக்கே?" என்று டுவேன் கேட்டார்.

"நானா? என்னோடதுல பவர் சப்ளை இன்னும் பத்தலை."

"எங்க ஒன்பது பேருக்கும் பத்திடுச்சே."

"உங்களோடது சாதா கம்ப்யூட்டர்ப்பா" என்றார் ஆர்லன். தன்னுடையதில் குழாய் இருப்பதைச் சொல்லவில்லை.

பிப்ரவரி இரண்டாம் வாரம் ஐந்தாவது பச்சையும் வந்துவிட்டது. ஆர்லன் அதைக் கொஞ்ச நேரம் வெறித்துப் பார்த்தார். மூடிவிட்டுத் திரும்பத் திறந்தார். அப்போதும் பச்சைதான். பிறகு திரை போதுமான வேகமுள்ளதா என்று ஒரு வாரம் படித்தார். நாற்காலியின் உயரத்தைப் பற்றி இரண்டு நாள் படித்தார். கடைசியில் மார்வாதான் வந்து நின்றார்.

"எல்லாம் பச்சையா இருக்கு."

"இருக்கு."

"அப்ப பறக்க வேண்டியதுதானே? நான் இங்கதான் நிக்கிறேன், காட்டு."

பதினோரு விநாடி. திரையில் விமானம் அழகாக எழும்பியது, திரும்பியது, அவரை நோக்கி வந்தது. எதிரே வரும்போது இடது வலதாகும், வலது இடதாகும். பதினாறு வருடமாக இந்த இடத்தில்தான் அவர் கட்டைவிரல்கள் குழம்பும். இங்கேயும் குழம்பின. திரையில் புகை எழுந்தது. மூலையில் ஒரு எண் வந்தது: விழுந்தது, ஒன்று.

முப்பத்தெட்டு நிமிடத்தில் அந்த எண் நாற்பத்தொன்றானது. மார்வா இருபதிலேயே மேலே போய்விட்டார். படியேறும்போது அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் ஆர்லன் தாங்கியிருப்பார்.

இங்கே காற்று இல்லை, பேட்டரி இல்லை. கணினியோ தேறிவிட்டது, தேறவைத்தவரும் அவரே. குறை சொல்ல ஒன்றுமில்லாத ஒரு அறையில் தான் உட்கார்ந்திருப்பது அவருக்குப் புரிந்தது. அது அவருக்குப் பிடிக்கவில்லை. பதிவை அழித்தார். புதிதாகத் தொடங்கினார். விமானம் ஓடுபாதையின் நடுவில் வந்து சமர்த்தாக நின்றது. நேரம் ஓடத் தொடங்கியது. ஆர்லன் ரிமோட்டை மேஜைமேல் மெதுவாக வைத்துவிட்டு, ராத்திரிச் சாப்பாட்டுக்கு, இறைச்சியும் உருளைக்கிழங்கும் வெந்த ஹாட்டிஷ் சாப்பிட, மாடிக்குப் போனார்.

மறுநாள் உறைந்த ஏரியில் மீன் பிடிக்கப் போனபோதும் அது சில மணி நேரம் அங்கேயே நின்றது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போனபோதும் நின்றது.

மே முதல் சனிக்கிழமை, மைதானத்தில், அச்செடுத்த பதிவை ஆர்லன் டுவேனிடம் நீட்டினார். இரண்டு தாள், ஓரத்தில் பின் அடித்து. மஞ்சள் விமானம் புல்லில் நின்றது. எல்லோரும் அதைச் சுற்றி வந்து பார்த்தார்கள். பாராட்டு என்று இந்த ஊரில் எது செல்லுமோ அதைச் சொன்னார்கள்: "மோசமில்ல."

டுவேன் உரக்கப் படித்தார். "பறந்த நேரம், பத்து மணி பன்னிரண்டு நிமிஷம். விழுந்தது, பூஜ்யம்."

"அடேயப்பா" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

"ஏதோ, பரவாயில்ல" என்று ஆர்லன் புல்லைப் பார்த்துச் சொன்னார்.

டுவேன் தாளைத் திருப்பினார். பெட்டியின் முதுகில் இருந்த பொடி எழுத்தையெல்லாம் நான்கு மாதம் படித்த ஆர்லன், தானே பின் அடித்த இரண்டாவது தாளைப் படிக்கவில்லை.

"தரையை விட்டு எழும்பியது, பூஜ்யம்" என்றார் டுவேன். "போன அதிகபட்ச உயரம், பூஜ்யம் அடி."

இரண்டு தாளையும் மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"ரொம்பப் பத்திரமாத்தான் ஓட்டியிருக்கே, ஆர்லன்."

"பார்க்கிங் நல்லா வந்திருக்குப்பா" என்றது அதே குரல்.

"கம்ப்யூட்டர் தப்பா எழுதியிருக்கு" என்றார் ஆர்லன்.

"உன் கம்ப்யூட்டரா? அஞ்சு பச்சையும் செல்போன்ல படம் எடுத்து எங்க எல்லாருக்கும் அனுப்பினியே?"

ஆர்லன் குனிந்து மஞ்சள் விமானத்தின் சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தார்.

டுவேன் இரண்டாவது ரிமோட்டையும் வயரையும் வண்டியிலிருந்து எடுத்து வந்தார். "நான் பக்கத்துல நிக்கட்டுமா?"

"வேண்டாம், வேண்டாம். உனக்கெதுக்குச் சிரமம்."

"சிரமம் ஒண்ணுமில்ல. நிக்கட்டுமா?"

"பரவாயில்லப்பா. இருக்கட்டும்."

இங்கே ஒரு பொருளை மூன்று முறை நீட்ட வேண்டும். இரண்டு முறை மறுப்பது மரியாதை, மூன்றாவது முறை, "சரி, உனக்குக் கஷ்டமில்லேன்னா" என்று வாங்கிக்கொள்வது வழக்கம். காப்பியிலிருந்து சவப்பெட்டி தூக்குவதுவரை எல்லாம் இப்படித்தான். ஆர்லன் காத்திருந்தார். பதினேழு பேரும் காத்திருந்தார்கள்.

டுவேன் மூன்றாவது முறை கேட்கவில்லை. வயரைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார். நல்ல வானம். காற்றே இல்லை.

"இன்னொரு தரம் கேக்கலியே நீ" என்றார் ஆர்லன் தாழ்ந்த குரலில்.

"கேக்கப் போறதில்ல."

"ஏன்?"

"இந்தத் தடவை நீதான் கேக்கணும்னு என் வண்டிக் கண்ணாடி சொல்லுது."

மூன்று குளிர்காலத்து வேலை புல்லில் நின்றது. தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். யாரும் தடுக்க மாட்டார்கள், எதுவும் சொல்லவும் மாட்டார்கள், அதுதான் இன்னும் மோசம். ஆர்லனின் கழுத்து சிவந்தது.

"அந்த வயரை மாட்டு, டுவேன்" என்றார். "எதிர்ல வரும்போது எனக்கு இடது வலது குழம்புது."

யாரும் சிரிக்கவில்லை. சிலர் தங்கள் பூட்ஸைப் பார்த்தார்கள். டுவேன் வயரை மாட்டினார். மஞ்சள் விமானம் எழும்பியது. ஒன்பது நிமிடம் பறந்தது. அதில் ஆறு நிமிடம் ஆர்லனின் கையில். விமானம் எதிரே வந்த மூன்று முறையும் டுவேன் வாங்கிக்கொண்டார். இறக்கியதும் டுவேன்தான்.

இப்போது ஆர்லனுக்கு எழுபத்திரண்டு முடிந்துவிட்டது. சனிக்கிழமைகளில் இரட்டை ரிமோட்டில்தான் பறக்கிறார். சிமுலேட்டரில் உண்மையாகப் பறந்த நேரம் நான்கு மணி இருபது நிமிடம், விழுந்தது நூற்று எண்பத்தாறு. மஞ்சள் விமானம் முழுசாக இருக்கிறது.