ஏழாம் நம்பர் வண்டியின் காய்ச்சல்

மாரண்டஹள்ளியிலிருந்து காலை ஆறு இருபத்தைந்துக்குக் கிளம்பும் கல்லூரிப் பேருந்துக்கு ஏழாம் நம்பர். ஓட்டுகிறவர் சென்னப்பன். வயது ஐம்பத்து நான்கு. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். அப்புறம் இருபத்திரண்டு வருடம் தக்காளி லோடு. பாலக்கோட்டில் ஏற்றினால் கோயம்பேட்டில்தான் காலைக் கீழே வைப்பார். வண்டி வழியில் படுத்துக்கொண்டது என்ற பேச்சே கிடையாது. படுத்தால் சரக்கு ரசமாகிவிடும். முதுகு மக்கர் செய்த பிறகுதான் லாரியை விட்டுவிட்டு, தருமபுரிப் பக்கம் உள்ள ஒரு இன்ஜினியரிங் கல்லூரியில் சேர்ந்தார்.

அப்பேர்ப்பட்ட ஆள் ஓட்டும் வண்டிக்குத்தான் தினமும் காய்ச்சல்.

ஆறு முப்பத்தெட்டுக்கு வேப்பங்கொட்டாய் பிரிவு வரும். வண்டி நிற்கும். சென்னப்பன் முகத்தைச் சுளித்துக்கொண்டு, "ஹீட்டு ஏறிப்போச்சு" என்பார். தண்ணீர்க் கேனைத் தூக்கிக்கொண்டு இறங்குவார். முன்பக்க மூடியைத் திறந்து வைத்துவிட்டு, இடுப்பில் கையை ஊன்றி ரேடியேட்டரையே பார்த்துக்கொண்டிருப்பார். நாலு நிமிடம் போகும். அதற்குள் உள்ளே தள்ளியிருக்கும் அந்தச் சிற்றூரிலிருந்து பூவிழி என்கிற பெண் மூச்சிரைக்க ஓடி வந்து ஏறுவாள். மூடியைச் சாத்திவிட்டு வண்டியை எடுப்பார்.

"இன்னைக்கும் ஹீட்டாங்கண்ணா?"

"ஆமா. உங்க காலேஜு வண்டிதானே, வேறெப்படி இருக்கும்? போய் உக்காரு பாப்பா."

பூவிழி மூன்றாம் வருடம் படிக்கிறாள். வண்டிக்கு அந்த இடத்தில் காய்ச்சல் வருவது தன் அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

அதிர்ஷ்டமும் இல்லை, காய்ச்சலும் இல்லை. முதல் வருடத்தில் அவள் அம்மா வழுக்கி விழுந்து காலில் கம்பி வைத்தார்கள். அப்பா பெங்களூரில் டைல்ஸ் ஒட்டுகிறார். வீட்டில் இரண்டு கறவை மாடு. கறந்து, சொசைட்டியில் வரிசையில் நின்று பால் ஊற்றிவிட்டு பிரிவுக்கு ஓடி வர ஆறு நாற்பத்திரண்டு ஆகிவிடும். அந்தச் சமயத்தில் இரண்டு முறை அவளை விட்டுவிட்டு வண்டியை எடுத்துவிட்டார் சென்னப்பன். தூரத்தில் ஓடி வந்த பெண் கண்ணாடிக்குள் சின்னதாகிக்கொண்டே போனாள். இரண்டாவது முறை விட்டுப்போன அன்று மாலை வண்டியில் ஏறியவள், பரீட்சைக்குப் பிந்திப் போய் வெளியே நிற்க வைத்ததைத் தோழியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். இவர் காதில் விழுந்தது.

மறுநாள் வண்டிக்குக் காய்ச்சல் வந்தது.

நேராகக் காத்திருக்க முடியாது. வண்டிகளுக்குப் பொறுப்பாளரான அருள்குமார், எந்த நிறுத்தத்திலும் ஒரு நிமிடத்துக்கு மேல் நிற்கக் கூடாது என்று ஷெட்டில் சட்டம் போட்டு ஒட்டியிருந்தார். வண்டிக் கோளாறு மட்டும் விலக்கு. டீக்கடையில் நிறுத்திய ஒருவரை ஒரே வாரத்தில் வீட்டுக்கு அனுப்பியும் காட்டினார். ஆகவே சென்னப்பனுக்கு வேறு வழி தெரியவில்லை. தன் வாயால் தன் வண்டியைச் சீக்காளி என்று சொல்வது அவருக்கு எவ்வளவு கசந்தது என்பது அவருக்குத்தான் தெரியும். மூன்று முறை பட்டறைக்கு அனுப்பினார்கள். மெக்கானிக் தலையைச் சொறிந்தான். ஷெட்டில் மற்ற டிரைவர்கள், "என்ன சென்னப்பா, வண்டிக்கு மாத்திரை குடுத்தியா?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார்கள்.

ரேடியேட்டர் நிரம்பியிருக்க, கேன் தண்ணீரை என்ன செய்வது? சாலையோரம் ஊற்றினார். யாரோ தின்று துப்பிய விதையிலிருந்து அங்கே ஒரு பப்பாளி முளைத்தது. இரண்டு வருடத்தில் அது ஆள் உயரத்தைத் தாண்டிக் காய்த்துத் தொங்கியது. அந்தச் சாலையில் வேறு எங்கும் பச்சை இல்லை. இதை யாரும் யோசிக்கவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் கல்லூரியில் அந்த ஐந்து நாள் பயிற்சி வந்தது. புதுத் தொழில்நுட்பம், சென்சார், செயற்கை நுண்ணறிவு என்று வாசலில் பேனர் கட்டினார்கள். ஓசூரிலிருந்து நிர்மலா என்கிற மேடம் பெட்டி பெட்டியாகச் சாமான்களோடு வந்து இறங்கினார். திங்கட்கிழமை பாடம். அடுத்த மூன்று நாள், அவரவர் ஊரில் உள்ள ஒரு பிரச்சினையை எடுத்துக்கொண்டு அதற்குக் கருவி செய்ய வேண்டும். வெள்ளிக்கிழமை தாளாளர் முன்னால் காட்ட வேண்டும்.

திங்கள் மாலை பூவிழி இன்னும் மூன்று பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வண்டிக்கு வந்தாள். கையில் சோப்பு டப்பா அளவில் ஒரு பெட்டி, அதில் ஒரு சிவப்பு விளக்கு.

"அண்ணா, நம்ம வண்டிதாங்க எங்க ப்ராஜெக்ட்!"

"என் வண்டிக்கு என்ன கேடு?"

"தினமும் ஹீட் ஆவுதில்லீங்களா? ரெண்டு வருசமா எவ்ளோ கஷ்டப்படறீங்க. இந்தப் பொட்டி இன்ஜின் சூடு எவ்ளோ, வண்டி எங்க நிக்குது, எத்தன நிமிஷம் நிக்குதுன்னு எல்லாத்தையும் எழுதி வெச்சுக்கும். நோய் என்னன்னு கண்டுபுடிச்சுக் குடுத்துடறோங்கண்ணா."

சென்னப்பன் பெட்டியைக் கையால் தள்ளினார். "அதெல்லாம் வேணாம்" என்றார். "அருள்குமார் சார் பர்மிஷன் குடுத்துட்டாருங்க" என்றாள். ரேடியேட்டர் குழாயில் கம்பியைச் சுற்றி, பெட்டியை ஒட்டிவிட்டுப் போய்விட்டார்கள்.

அன்று ராத்திரி சாப்பிட உட்கார்ந்ததும் மனைவி நஞ்சம்மாளிடம் சொன்னார். அவள் குழம்பை ஊற்றிக்கொண்டே, "ரெண்டு வருசம் பொய் சொன்ன வாய்தானே, இன்னும் நாலு நாளைக்கு எதையாவது சொல்லு" என்றாள்.

"மிஷின்கிட்ட என்னாத்தச் சொல்றது?"

பொய் வெளியே வந்தால் அருள்குமார் சீட்டைக் கிழிப்பார். புதிதாக வருகிறவன் ஆறு முப்பத்தெட்டுக்குச் சரியாக வண்டியை எடுப்பான். அந்தப் பெண் மறுபடியும் கண்ணாடியில் சின்னதாகிப் போவாள். சென்னப்பன் இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்துப் பார்த்தார். எதுவும் நன்றாக இல்லை.

செவ்வாய்க்கிழமை வழக்கம்போல நிறுத்தினார், ஊற்றினார், எடுத்தார். மாலையில் பூவிழி உதட்டைப் பிதுக்கினாள். "பிரிவுல அறுபத்திரண்டு டிகிரிதான் காட்டுதுங்க. சென்சார் சரியில்ல போல. வேற மாத்தறோம்."

"கருமம், எல்லாம் சைனா சாமான்" என்றார் சென்னப்பன். அவ்வளவு சந்தோஷமாக அவர் திட்டி யாரும் கேட்டதில்லை.

புதன்கிழமை சொசைட்டியில் கூட்டம். அவள் வர ஆறு நாற்பத்தைந்து ஆகிவிட்டது. ஏழு நிமிடம் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். புதுச் சென்சார் அறுபத்தொன்று என்றது. மாலையில் பூவிழி சொன்னாள்: "ரெண்டு சென்சாரும் ஒரே மாதிரி பொய் சொல்லாது, வண்டியப் பாருங்கன்னு மேடம் சொல்லிட்டாங்கண்ணா."

அந்த மேடம் மேல் சென்னப்பனுக்குக் கடுங்கோபம் வந்தது. வண்டிக்குக் காய்ச்சல் இல்லையென்றால் வரவழைக்க வேண்டியதுதான் என்று முடிவு செய்தார். லாரிக்காரருக்கா தெரியாது? வியாழக்கிழமை காலை ஒரு கோணிச் சாக்கை நாலாக மடித்து ரேடியேட்டர் முன்னால் செருகினார். காற்றை அடைத்தால் சூடு ஏறும்.

ஏறியது. ஆனால் மாரண்டஹள்ளியிலிருந்து பிரிவு வருவதற்குள் எழுபத்தைந்துதான். "இன்னும் கொஞ்சம் ஏறு, ஏறு" என்று முள்ளைப் பார்த்துக் கெஞ்சினார். பூவிழி ஏறினாள். கேன் தண்ணீர் பப்பாளிக்குப் போனது. சாக்கை எடுக்க மறந்துவிட்டார்.

பாலக்கோட்டைத் தாண்டியதும் ரேடியேட்டர் நிஜமாகவே கொதித்தது. முன்னால் புகை, உள்ளே அலறல். சென்னப்பன் ஓரம் கட்டி இறங்கினார். வாழ்க்கையில் முதல் முறையாக அவர் வண்டி வழியில் நின்றது. கேனில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

நாற்பது பிள்ளைகள் தண்ணீர் பாட்டிலோடு வரிசையில் நின்றார்கள். சூடு தணியட்டும் என்று காத்திருந்து, அவரே மூடியைத் திறந்தார். உள்ளே கையை விட்ட பூவிழி கருகிய வாசனையோடு சாக்கை வெளியே இழுத்தாள். சாக்கைப் பார்த்தாள். காலிக் கேனைப் பார்த்தாள். சாக்கை ஓரமாகப் போட்டுவிட்டுத் தன் தண்ணீர் பாட்டிலை அவரிடம் நீட்டினாள்.

வண்டி முக்கால் மணி நேரம் லேட். ஷெட்டில் அருள்குமார் காத்திருந்தார்.

"நாளைக்கு அந்தப் புள்ளைங்க என்ன கண்டுபுடிச்சாங்கன்னு பாக்கறேன். ஓட்டுறவன் மேல தப்புன்னு வந்துச்சு, அப்புறம் நான் மனுசனா இருக்க மாட்டேன் சென்னப்பா."

"சரிங்க சார்."

வெள்ளிக்கிழமை பிரிவில் பூவிழி ஓடி வந்தாள். ஏறவில்லை. வண்டி முன்னால் வந்து, திறந்திருந்த மூடிக்குப் பக்கத்தில் நின்றாள்.

"அண்ணா, வண்டி ஜில்லுனு இருக்குது."

"உன் மிஷின் கெட்டுப்போச்சு."

"மிஷின் நல்லாத்தான் இருக்குதுங்க." பப்பாளி மரத்தை அடியிலிருந்து நுனிவரை பார்த்தாள். "எல்லாம் மேடம் கம்ப்யூட்டர்ல ஏறிடுச்சு. மாத்தவும் முடியாது, மாத்தவும் மாட்டேன். நீங்க இன்னைக்கு ஹாலுக்கு வரணும்."

"எதுக்கு? என் சாவைப் பாக்கவா? ஏறு, டைம் ஆவுது."

மத்தியானம் ஹால் நிரம்பி வழிந்தது. தாளாளர் முன் வரிசையில். பக்கத்தில் அருள்குமார். வண்டியைப் பற்றிய கருவி என்பதால் டிரைவர்கள் எல்லோரையும் பின் வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். சென்னப்பன் கதவுக்குப் பக்கத்து நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தார்.

பூவிழி மேடையேறினாள். திரையில் கோடு கோடாக என்னவோ வந்தது.

"ஏழாம் நம்பர் வண்டிக்கு வேப்பங்கொட்டாய் பிரிவுல ஏன் ஹீட் ஆவுதுன்னு கண்டுபுடிக்கப் போனோம். அங்க ஹீட் ஆவறதே இல்லைங்க சார்."

அருள்குமார் மெதுவாகத் திரும்பிப் பின்னால் பார்த்தார். சென்னப்பன் கூரையைப் பார்த்தார்.

"செவ்வாய்க்கிழமை நான் ஆறு நாப்பத்தொண்ணுக்கு வந்தேன். வண்டி நாப்பத்திரண்டுக்குக் கிளம்புச்சு. புதன்கிழமை நாப்பத்தஞ்சுக்கு வந்தேன். நாப்பத்தாறுக்குக் கிளம்புச்சு. பால் சொசைட்டி சீட்டுல நேரம் இருக்குது, ஒப்பிட்டுப் பாத்தோம். நான் வந்த உடனே வண்டிக்குக் காய்ச்சல் எறங்கிடுது." திரையை விட்டுத் தன்னையே கைகாட்டினாள். "கோளாறு ரேடியேட்டர்ல இல்லீங்க சார். நான்தான் கோளாறு."

ஹாலே சிரித்தது. கைத்தட்டல் வேறு.

"இன்னொண்ணும் தெரிஞ்சுது. பாலக்கோட்டுக்கு முன்னாடி ரயில்வே கேட்டுக்கு வண்டி ஏழு அஞ்சுக்குப் போகுது. கேட் தொறக்கறது ஏழு பதிமூணுக்கு. எட்டு நிமிஷம் சும்மா நிக்குது. புதன்கிழமை ஆறு நாப்பத்தாறுக்குக் கிளம்புனப்பகூட கேட்டுக்கிட்ட நின்னுதான் போச்சு. பிரிவுல நிக்கறதால காலேஜுக்கு ஒரு நாளும் லேட் ஆவல. நேத்து ஒரு நாள் மட்டும்தான் லேட். அது சாக்கால."

இதைக் கண்டுபிடிக்க ஐந்து நாள் பயிற்சியும் அத்தனை பெட்டிச் சாமானும் ஓசூர் மேடமும் தேவைப்பட்டிருக்கிறது. சென்னப்பனுக்கு இது இரண்டு வருடமாகத் தெரியும். யாரும் கேட்டதில்லை.

தாளாளர் எழுந்து திரும்பினார். "சென்னப்பன், நெசமா?"

சென்னப்பன் எழுந்தார். "நின்னது நெசங்க. ஹீட்டு பொய்ங்க."

"மூணு தடவ பட்டறைக்கு அனுப்பிச்சேனே!" என்று அருள்குமார் கத்தினார்.

"வண்டி நல்லாருக்குதுன்னு மெக்கானிக்கும் மூணு தடவ சொன்னானே சார். நீங்கதான் நம்பல."

மறுபடியும் சிரிப்பு. தாளாளரே கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டார். பிறகு முகத்தைச் சரிசெய்துகொண்டு தீர்ப்புச் சொன்னார். பிரிவில் வண்டி நேரம் இனி ஆறு நாற்பத்திரண்டு. அதற்கு மேல் ஒரு நிமிடம்கூடக் கிடையாது. பொய் சொன்னதற்குச் சென்னப்பன் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும். அந்தப் பெட்டியைப் பதினோரு வண்டியிலும் பொருத்த வேண்டும்.

கடைசி வாக்கியத்தைக் கேட்டதும் பின் வரிசை முழுக்க வெலவெலத்தது. பென்னாகரம் வண்டி டிரைவர், மாது என்கிறவன், சென்னப்பன் தொடையில் ஓங்கிக் குத்தினான்.

"யோவ், உன் ஒரு ஆளால எங்க எல்லாரோட டீக்கடைப் போண்டாவும் போச்சுய்யா!"

மன்னிப்புக் கடிதம் எழுத அவருக்கு ஒரு மணி நேரம் ஆனது. மூன்றே வரி. 'வண்டிக்குச் சூடு என்று சொன்னது தவறு. வண்டி மேல் எந்தக் குறையும் இல்லை. இனி வண்டியைப் பற்றித் தப்பாகப் பேச மாட்டேன்.' வாங்கிப் படித்த அருள்குமார், "யாருகிட்டய்யா மன்னிப்புக் கேட்டிருக்க? எங்கிட்டயா, வண்டிகிட்டயா?" என்றார்.

திங்கட்கிழமை ஆறு நாற்பத்திரண்டுக்குப் பிரிவில் வண்டி நின்றது. பூவிழி ஏற்கெனவே வந்து நின்றிருந்தாள். மூச்சு இரைக்கவில்லை. சென்னப்பன் கேனைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்.

"இப்ப எதுக்குங்கண்ணா தண்ணி? அதான் எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சே."

"உனக்கு நேரம் ஒதுக்குனாங்க. இதுக்கு யாரு ஒதுக்குனாங்க?" என்று சொல்லிக்கொண்டே பப்பாளி அடியில் கவிழ்த்தார். "உள்ள போ. அந்தச் சனியன் புடிச்ச பொட்டி பாத்துக்கிட்டு இருக்குது."

நாற்பது நொடியில் வண்டி கிளம்பியது. ரயில்வே கேட் மூடியிருந்தது.