சும்மா கதை

மாம்புரியில் பிறந்த மபாஸாவுக்கு நாற்பத்தாறு வயது. அதில் பத்தொன்பது வருடங்கள் கண்டக்குழி ஐஸ் தொழிற்சாலையின் ஜன்னலோரக் கதிரையில் போயிருந்தன. பக்கத்தில் ஒரு தொலைபேசி. நாளைக்கு எத்தனை படகுகள் போகும் என்று அறிந்து சொல்வது அவள் வேலை. தண்ணீர் கட்டியாக இறுக ஒரு முழு நாள் வேண்டும். எண்ணிக்கை பிழையானால் படகுகள் கரையில் நிற்கும்.

இந்தக் கரையில் யாரும் நாளைக்குக் கடலுக்குப் போகிறேன் என்று வாயால் சொல்வதில்லை. சொன்னால் கடலுக்குக் கேட்டுவிடுமாம். மபாஸாவும் படகுக்காரர்களிடம் அப்படிக் கேட்பதில்லை.

"கில்பட் அண்ணன், வலை காஞ்சிட்டா?"

"காஞ்சிட்டு" என்றால் போகிறார். "ஈரம்" என்றால் இல்லை. "உன்ட நாக்குத்தான் காயுதில்ல" என்றால் போகிறார், இரண்டு கட்டி கூடுதலாக வேண்டும்.

தொழிற்சாலையை டிஜிட்டல்மயமாக்க ரிப்கான் கொழும்பிலிருந்து வந்தான். வயது இருபத்தொன்பது. பெறுமதி பொருளில் இல்லை, அதைப் பாவிப்பவரோடு சேர்ந்து செய்யும் சேவையில்தான் உருவாகிறது என்று முதல் நாளே விளக்கினான். மபாஸாவுக்கு அது பிடித்திருந்தது. இவ்வளவு காலமும் தான் செய்ததற்கு ஒரு பெயர் இருக்கிறது. பத்து நாட்கள் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, அவன் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள்.

பதினோராம் நாள் சுவரில் ஒரு படம் ஒட்டினான். மீனவர் ஒரு பெட்டி, தொழிற்சாலை ஒரு பெட்டி. நடுவில் அவள் பெயர் எழுதிய பெட்டி. அதன் மேல் சிவப்புக் கோடு.

"உங்களுக்கு எதிரா இல்ல ராத்தா. இடையில ஆள் இருந்தா சேவை சுணங்கும்."

மனேஜர் அவளை, ஐஸ் மூடும் சாக்குகளைப் பின்புறத் தொட்டியில் கழுவ அனுப்பினார். அவள் எழுந்தபோது ரிப்கான் கேட்டான்: "கடைசியா ஒண்டு. ஏதோ வலையப் பத்திக் கேக்கிறீங்களே, அது எதுக்கு?"

மபாஸா சுவரைப் பார்த்தாள்.

"அது சும்மா கதை சேர்."

புதிய செயலி எல்லாருடைய போனிலும் கேட்டது: நாளை கடலுக்குச் செல்கிறீர்களா? அறுபத்துமூன்று படகுகளும் 'இல்லை' என்றன. ஒரு கட்டிகூட உறைய வைக்கப்படவில்லை. மறுநாள் ஐஸ் ஏற்ற வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். இணையக் கோளாறு என்றான் ரிப்கான். அடுத்த நாளும் அதேதான். சத்தமெல்லாம் மபாஸாவுக்குக் கேட்டது. யார் வீட்டில் அடுப்பு எரியாது என்றும் தெரியும். அந்த இரண்டு நாளும் அவள் நன்றாகச் சாப்பிட்டாள்.

மூன்றாம் நாள் கில்பட் தொட்டியடிக்கு வந்தார்.

"நீ தெரிஞ்சுகொண்டுதான் இருந்தாய், என்ன?"

"ஓம்."

"அவனைப் பிடிச்சுக் கடலுக்குள்ள தள்ளியிருக்கலாம். எங்களுக்குச் சோறாவது மிஞ்சியிருக்கும்."

அவள் சிரிக்கவில்லை. சாக்கைப் பிழிந்தாள். பின்னர் மனேஜரிடம் போய், வலை பற்றிய விடயத்தை ரிப்கானுக்கு முன்னால் சொன்னாள். ரிப்கான் எழுதத் தொடங்கினான்.

"எழுத வேணாம் சேர். செயலி கேட்டா அவங்க சிரிப்பாங்க. நான் கேக்கோணும்."

"அப்ப கதிரைக்கு வா," என்றார் மனேஜர்.

"வாறன். முதல்ல ரிப்கான் சேர் முற்றத்துக்கு வந்து சொல்லட்டும், பிழை ஆர்ட எண்டு."

படகுக்காரர்கள் கூடினார்கள். ரிப்கான் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"ராத்தா செஞ்சதுதான் சேவை. எனக்கு அது விளங்கல்ல. பிழை என்னோடது."

முன்வரிசையில் சிலர் தலையாட்டினார்கள். அவன் உள்ளே போகத் திரும்பினான்.

"பின்னுக்கு நிக்கிறவங்களுக்குக் கேக்கல்ல சேர்," என்றாள் மபாஸா. "இன்னொருக்கா சொல்லுங்க."