காரணம்: தம்புரா

எங்கள் சபாவின் கச்சேரிப் பதிவேட்டை முப்பத்தெட்டு வருடமாக எழுதி வருகிறேன். தேதி, பாடியவர், பக்கவாத்தியம், சுருதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், குறிப்பு என்று ஏழு கட்டங்கள். தம்புராவுக்குக் கட்டம் கிடையாது. அதனால் நானூற்றுப் பதினேழு கச்சேரிகளில் தம்புரா மீட்டிய ஒரு பெண்மணியைப் பற்றி அதில் ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. (எண்ணிக்கை, வாத்திய அலமாரிச் சாவி வாங்கக் கையெழுத்திடும் நோட்டிலிருந்து எடுத்தது.)

பகலில் அவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. ஃபிரேமின் அளவுக்குக் கண்ணாடியைத் தேய்த்துப் பொருத்துவார். ஒரு மயிரிழை கூடுதலாகத் தேய்ந்தால் கண்ணாடி கழன்று விழும், குறைந்தால் உள்ளே போகாது. அந்தக் கைதான் தம்புராவிலும். பாடுபவரின் முதுகுக்குப் பின்னால் உட்காருவதால் பத்திரிகைப் படங்களில் வந்ததெல்லாம் அவருடைய முழங்கை மட்டுமே. "நம்ம வீட்டு முழங்கை இன்னைக்குப் பேப்பர்ல வந்திருக்கு" என்று வீட்டுக்காரர் கடைக்குப் போன் செய்து சொல்வாராம்.

பதினோரு வருடம் முன்பு, ஒரு ஞாயிறு மாலை நாலு மணிக் கச்சேரி. பாடகி அம்மா தொண்டையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு, ஒரு வருடம் இரண்டு மாதம் கழித்து மேடைக்கு வருகிறார். கடிதத்தில் 'சுருதி ஐந்தரைக் கட்டை, மாற்றமில்லை' என்று எழுதியிருந்தார். நானும் மையில் எழுதி வைத்துவிட்டேன். கட்டை என்பது குரல் நிற்கும் உயரம். அரைக் கட்டை இறக்கினால் கேட்பவர்களில் பலருக்குத் தெரியாது. பாடுபவருக்கு அது மானப் பிரச்சினை.

மூன்று இருபதுக்கு மேடைக்குப் பின்னாலிருந்த அறையில் பாடகி அம்மா மேல் ஸ்தாயியைத் தொட்டுப் பார்த்தார். குரல் உடைந்தது. மூன்று முறையும் அதே இடத்தில்.

"அக்கா, அரைக் கட்டை இறக்கிக்கோயேன்" என்றார் கூட வந்த தங்கை.

"குரல் போச்சுன்னு ஊருக்கே தமுக்கு அடிக்கவா? டிரைவரைக் கூப்பிடு, வீட்டுக்குப் போலாம்."

அன்று திரும்பிப் போனால் மறுபடி மேடை ஏறமாட்டார் என்பது அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். வெளியே முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

தம்புராக்கார அம்மா தந்தியை முறுக்கும் பிருடையைத் திருகியபடி, நிமிராமலே சொன்னார்: "அம்மா, இந்தச் சனியன் இன்னைக்கு அஞ்சுக்கு மேல ஏறவே மாட்டேங்குது. மழை ஈரத்துல பிருடை வழுக்குது."

"வேற தம்புரா இல்லையா?"

"இருக்கிறதே இது ஒண்ணுதான்."

"என்கிட்ட அஞ்சுக்கும் ஒரு மிருதங்கம் இருக்கு, எனக்கென்ன" என்றார் மிருதங்கக்காரர். வயலின்காரர் தந்தியை இறக்கினார்.

"வயசாயிடுச்சு உன் தம்புராவுக்கு" என்றார் பாடகி அம்மா.

"ஆமாம்மா. அதுக்கும் எனக்கும் ஒரே வயசு."

பாடகி அம்மா சிரித்துவிட்டார். "சரி, இன்னைக்கு ஒரு நாள் அஞ்சுலயே பாடித் தொலைக்கிறேன்."

தொடக்கம் 4.04, முடிவு 6.41. மேல் ஸ்தாயியின் ஷட்ஜத்தில் குரல் போய் அசையாமல் நின்றது. முதல் வரிசையில் தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பதிவேட்டில் 'ஐந்தரை'யை அடித்து 'ஐந்து' என்று எழுத வேண்டும். திருத்தினால் காரணம் எழுதுவது என் வழக்கம். வாத்திய அறைக்குப் போய் நானே பிருடையைத் திருகிப் பார்த்தேன். தந்தி ஐந்தரைக்கு ஏறியது, ஏறிய இடத்திலேயே நின்றது.

"எங்கே வழுக்குதும்மா? நான் பொய் எழுத மாட்டேன்" என்றேன் தம்புராக்கார அம்மாவிடம்.

"பொய் எதுக்குண்ணா? தம்புரான்னு மட்டும் எழுதுங்க. இங்க என்னை வேற என்னன்னு கூப்பிடுறீங்க?"

அதுவும் சரிதான். எங்கள் வட்டத்தில் ஆளை வாத்தியத்தின் பெயரால்தான் சொல்வோம். வயலின் காபி குடித்தாயிற்றா, மிருதங்கம் இன்னும் வரவில்லையா என்றுதான் பேச்சு. 'காரணம்: தம்புரா' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். செயலாளர் அதைப் படித்துவிட்டுப் பழுது பார்க்க ஆள் அனுப்பினார். வந்தவர் அரை மணி நேரம் தேடிவிட்டு, தூசி தட்டி வைத்துவிட்டுப் போனார்.

நான்கு மாதம் கழித்துப் பாடகி அம்மாவிடமிருந்து அடுத்த கடிதம்: 'சுருதி ஐந்து. அந்தக் கெட்டுப்போன தம்புராவே போதும்.' அதற்குப் பிறகு எங்கள் சபாவில் மட்டும் இருபத்தாறு கச்சேரிகள் பாடியிருக்கிறார், எல்லாம் ஐந்தில்தான்.

சபாவின் இந்த ஆண்டு மலருக்கு என்ன எழுதலாம் என்று போன மாதம் பாடகி அம்மாவிடம் கேட்டேன்.

"அன்னைக்கு நடந்ததை எழுதுங்க. எனக்கு அப்பவே தெரியும். பிருடை வழுக்கினா யாரா இருந்தாலும் சாக்பீஸ் பொடி தடவுவாங்க. அவ தேடக்கூட இல்லை."

"அப்புறம் ஏம்மா ஒத்துக்கிட்டீங்க?"

"சாக்பீஸ் வேணாம், எனக்கு ஒரு சாக்குதான் வேணும்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. குடுத்தா, வாங்கிக்கிட்டேன். இத்தனை வருஷத்துல ஒரு நன்றி சொல்லலை. நீங்களாவது எழுதிடுங்க."

எழுதிவிட்டேன். அந்த இருபத்தாறையும் உட்கார்ந்து கேட்டவன் என்பதால், என்னுடைய நன்றியையும் சேர்த்து.