ஒரே எண்ணில் இரண்டு மோட்டார்

பாகூரில் ஜெயசீலன் கடைக்குப் போனால் போன் கண்ணாடியும் மாற்றித் தருவான். ஆனால் அவன் பெயர் சுற்றுவட்டாரத்தில் அடிபட்டது மோட்டார் பெட்டியால்தான். உள்ளங்கையளவு கம்ப்யூட்டர் பலகை ஒன்றைப் பெட்டிக்குள் பொருத்தி, வீட்டில் இருந்தபடியே போனில் போர் மோட்டாரைப் போடவும் நிறுத்தவும் வழி செய்து கொடுப்பான். பலகையின் மூளை அதில் செருகும் மெமரி கார்டு. கரையாம்புத்தூர் அருள்முருகனுக்கு முதன்முதலில் செய்த கார்டு பிசிறில்லாமல் ஓடியதால், மற்ற எல்லோருக்கும் அதையே அச்சு அசலாக நகல் எடுத்தான். நகலெடுத்ததும் மோட்டாரின் எண்ணை மட்டும் மாற்ற வேண்டும். இரண்டு நிமிட வேலை.

சோரியாங்குப்பம் கண்ணையனுக்குப் பெட்டி மாட்டிய அன்று, அந்த இரண்டு நிமிடத்தை ஜெயசீலன் மறந்து தொலைத்தான்.

ஒரு வாரம் கழித்து அருள்முருகன் தன் கரும்புக்குத் தண்ணீர் விடப் போனைத் தட்டிவிட்டுப் படுத்தார். சோரியாங்குப்பத்தில் கண்ணையனின் மோட்டாரும் சேர்ந்து ஓடியது. விடிந்து பார்த்தால், அறுப்புக்கு நின்ற நெல்லில் கணுக்கால் தண்ணீர்.

கண்ணையன் ஜெயசீலனை வரவழைத்தார். நாற்காலி போட்டார், காபி கொடுத்தார். ஜெயசீலன் தெருவிலிருந்து வந்த யாருக்கும் அந்த வீட்டில் அதுவரை நாற்காலி போட்டதில்லை. கார்டை லேப்டாப்பில் போட்ட மறுகணமே அவனுக்கு விஷயம் புரிந்துவிட்டது, அருள்முருகனின் எண்ணே அதில் இருந்தது. சத்தமில்லாமல் எண்ணை மாற்றினான்.

"பெட்டியில ஒன்னும் கோளாறு இல்லண்ண. யாராச்சும் கையால போட்டிருப்பாங்க."

முந்தின சாயந்திரம் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட மோட்டார் போட்டவர் வீரப்பன். பதினெட்டு வருஷமாக அந்த நிலத்தைப் பார்த்துக்கொண்டவர். ஜெயசீலனுக்கு மாமா முறை.

"அமத்திட்டுத்தான்யா வந்தேன்" என்றார் வீரப்பன்.

"அப்போ பேய் வந்து போட்டுச்சா?" என்றார் கண்ணையன்.

வயல் காய்வதற்குள் மழை பிடித்துக்கொண்டது. சாய்ந்த கதிர் அங்கேயே முளைவிட்டது. வீரப்பனை இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

ஜெயசீலனிடம் ஒரு நல்ல பழக்கம், அதுவே அவனுக்கு வினையாயிற்று. எந்தக் கார்டில் கை வைத்தாலும் முதலில் அப்படியே ஒரு நகல் எடுத்து வைப்பான். அன்றும் எடுத்திருந்தான். தப்பான எண்ணோடு, தேதியோடு, அது லேப்டாப்பில் கிடந்தது. அழித்துவிடலாம் என்று நாலைந்து முறை போனான், விரல் வரவில்லை. சொல்லிவிடலாம் என்றால் வாய் வரவில்லை. இப்படியே ஆறு மாதம் ஓட்டினான், கோழை. அவனே தன்னை அப்படித்தான் திட்டிக்கொண்டான்.

ஒருநாள் வீரப்பனின் மனைவி காசம்மாள் போனைச் சரிசெய்யக் கடைக்கு வந்தாள்.

"மாமா எப்பிடி இருக்காரு அத்த?"

"இன்னாத்த சொல்றது சீலா. மறதி வந்துடுச்சுன்னு அவரே முடிவு பண்ணிட்டாரு. கதவப் பூட்டிட்டு நாலு வாட்டி திரும்பி வந்து இழுத்துப் பாக்குறாரு. பேத்திய இஸ்கூல்ல இருந்து கூட்டினு வரவும் பயப்படுறாரு. எங்கியாச்சும் உட்டுட்டு வந்துடுவேன்னு அழுவுறாரு."

வேலை போனது வரைதான் ஜெயசீலன் கணக்கில் இருந்தது. மறுநாள் மத்தியானம் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வீரப்பன் வீட்டுக்குப் போனான். திண்டாடித் திணறி எல்லாவற்றையும் சொன்னான். அந்தக் கார்டின் நகலைத் திறந்து, இரண்டு மோட்டாருக்கும் ஒரே எண் இருந்ததைக் காட்டினான். அடி விழும் என்று எதிர்பார்த்தான். விழுந்தால் தேவலை என்றிருந்தது.

வீரப்பன் அடிக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ நான் அமத்திட்டுத்தான் வந்தேனா?"

"அமத்திட்டுத்தான் வந்த மாமா."

"நல்லாத் தெரியுமா?"

"சத்தியமா மாமா. இப்பவே வா, கண்ணையன்கிட்டயும் சொல்லிடுறேன்."

"அவுரு கெடக்குறாரு, அப்பறம் போலாம்." வீரப்பன் எழுந்து கொடியில் கிடந்த சட்டையை உருவினார். அவசரத்தில் பொத்தான் மாறிப் போயிற்று. உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"காசம்மா, இஸ்கூல் உடுற நேரம் ஆச்சு. புள்ளைய நான் போய் கூட்டினு வரேன்."