பழசு வேணுங்களா

பெரியநாயக்கன்பாளையத்தில் நான் வேலை பார்க்கும் மோட்டார் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. எரிந்துபோன மோட்டாருக்குப் புதுக் காயில், அதாவது கம்பிச் சுருள், கட்டிக் கொடுக்கும்போது, உள்ளேயிருந்து உருவிய பழைய தாமிரக் கம்பியை ஒரு சாக்குப்பையில் கட்டி மோட்டாரோடு சேர்த்துத் தந்துவிட வேண்டும். நாங்கள் மறந்தாலும் வந்தவர் மறக்க மாட்டார். "ஏனுங்க, பழைய கம்பி எங்கீங்க?" என்று வண்டியைக் கிளப்பும் முன் கேட்டுவிடுவார். யாரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. பதினெட்டு வருடமாக அந்தப் பைகளின் வாயை நான்தான் கட்டிக் கொடுக்கிறேன். அப்படிப்பட்டவள் காந்திபுரத்தில் ஒரு லேப்டாப் கடையில் நின்றுகொண்டு பழசு வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். இதை எழுதும்போதுகூட என்னை நானே நாலு அறை அறையலாம் போலிருக்கிறது.

லேப்டாப் என் வீட்டுக்காரருடையது. அவர் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் வாத்தியார். கொரோனா சமயத்தில் பள்ளிக்கூடம் மூடிக் கிடந்தபோது, சாப்பாட்டு மேசையில் அதை வைத்துக்கொண்டு தினமும் பாடம் எடுத்தார். நெட் வராத பிள்ளைகள் பிறகு கேட்கட்டும் என்று ஒவ்வொரு வகுப்பையும் பதிவு செய்து வைத்தார். நூற்றுக்கு மேல் இருக்கும். ஒவ்வொன்றும் ஒரே மாதிரித்தான் தொடங்கும்: "கேக்குதா கண்ணுகளா?" கேட்கிறது என்று பத்துப் பேராவது சொன்னால்தான் பாடத்துக்குப் போவார். எனக்கு அப்போது அது எரிச்சலாக இருந்தது. வீட்டில் அடுப்பு வேலை கூடச் சத்தமில்லாமல் செய்ய வேண்டியிருந்தது.

இரண்டு வருடங்களுக்கு முன் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை போயிற்று, பேச்சு போயிற்று. கை கொஞ்சம் திரும்பியது. பேச்சு வரவில்லை. ஐம்பது நிமிடம் நிறுத்தாமல் பேசிய மனிதர், தண்ணீர் வேண்டும் என்றால் டம்ளரைக் காட்டினார். ஆனால் ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஊசி போட்டு முடித்ததும், "சரிங்க" என்றார், பளிச்சென்று. பார்க்க வந்தவர்களிடம் "வாங்க" என்றார். பேச்சு திரும்பிவிட்டது என்று நான் அழுதுகொண்டே எல்லோருக்கும் போன் செய்தேன்.

பேச்சுப் பயிற்சி தருகிற அம்மா என்னை உட்கார வைத்து விளக்கினார். "மரியாதைக்குச் சொல்லிச் சொல்லிப் பழகுன வார்த்தைக தானா வந்துருமுங்க. நெனச்சுப் பேசறதுதான் வராது. அதைத்தான் நாம கொண்டு வரோணும்." அவருடைய பழைய குரல் ஏதாவது பதிவாகியிருக்கிறதா என்று கேட்டார். தன் குரலைத் தானே கேட்டு, கூடவே சொல்லிப் பார்த்தால் சிலருக்கு வரும் என்றார். எனக்கு உடனே அந்த வகுப்புகள்தான் நினைவுக்கு வந்தன.

அன்றிலிருந்து மாலை ஐந்தரைக்கு நான் பட்டறையிலிருந்து வந்ததும் அவர் மேசை முன்னால் உட்கார்ந்துவிடுவார். நான் லேப்டாப்பைத் திறந்து ஒரு வகுப்பைப் போடுவேன். திரையில் அவர், "கேக்குதா கண்ணுகளா?" என்பார். நாற்காலியில் அவர் "கே... கே..." என்பார். ஐந்து மாதம் "கே"யிலேயே நின்றோம். ஆறாவது மாதம் ஒருநாள் "கேக்குதா" என்று முழுசாகச் சொன்னார். திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார். கோணல் சிரிப்புத்தான். பக்கத்து வீட்டுக்கெல்லாம் கேசரி கொடுத்தேன்.

எனக்கு அந்தப் பதிவுகளில் இன்னொன்றும் இருந்தது. மின்தடை பற்றிய ஒரு வகுப்பில், நடுவில் என் குக்கர் விசில் அடிக்கும். அவர் கையிலிருந்த பேனாவை வைத்துவிட்டுச் சமையலறைப் பக்கம் திரும்பி, "அம்மணி, அந்தக் குக்கர நிறுத்து. இங்க ஒண்ணும் கேக்க மாட்டேங்குது" என்பார். பிள்ளைகள் சிரிப்பார்கள். அன்று அதற்காகப் பெரிய சண்டை போட்டேன், பசிக்கும்போது மட்டும் குக்கர் வேணுமாக்கும் என்று. கல்யாணமான நாளிலிருந்து என்னை அம்மணி என்றுதான் கூப்பிட்டார். பக்கவாதத்துக்குப் பிறகு அந்தச் சொல் ஒருமுறைகூட வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் தூங்கும் மத்தியான வேளையில் நான் அந்த இடத்தை மட்டும் போட்டுக் கேட்பேன். இன்னும் கொஞ்ச மாதம் போனால் அந்த வகுப்புக்கு வருவோம், அவரும் கூடவே சொல்வார் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

பள்ளிக்கூடத்து இணையக் கணக்கில் ஏற்றி வைத்ததெல்லாம் அவர் வேலையை விட்டபோதே போய்விட்டது. வேறு எதிலாவது ஒரு நகல் எடுத்து வை என்று பெங்களூரிலிருக்கும் மகள் இரண்டு தடவை சொன்னாள். பார்த்துக்கலாம் என்றேன்.

ஒரு திங்கட்கிழமை லேப்டாப்பை எவ்வளவு அமுக்கியும் ஆன் ஆகவில்லை. உள்ளே விசிறி ஓடியது. மூன்று தடவை பீப் என்று கத்தியது. திரை இருட்டாகவே இருந்தது. மறுநாள் லீவு போட்டுவிட்டுக் காந்திபுரத்துக்கு டவுன் பஸ் ஏறினேன்.

கடைக்காரர் முப்பது வயதுக்காரர், அப்படி ஒரு மரியாதை. ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, டீ வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் லேப்டாப்பையே தொட்டார். "இது பீப்பு பீப்புன்னு கத்துதுங்க தம்பி" என்றேன். "பழைய மாடலெல்லாம் அப்படித்தானுங்க்கா கத்தும்" என்று சிரித்தார். உள்ளே கொண்டுபோய் அரைமணி நேரம் கழித்து வந்தார்.

"ஹார்ட் டிஸ்க் போயிருச்சுங்க்கா. புதுசு போட்டாத்தான் ஓடும்."

"அதுக்குள்ள எங்க ஊட்டுக்காரரோட பாடமெல்லாம் இருக்குதுங்க தம்பி. எடுக்க முடியாதுங்களா?"

"டிஸ்க்கே செத்துப்போச்சுங்களே. அதுல இருந்து எப்படீங்க எடுக்கறது?"

நான் ஒரு தடவைதான் கேட்டேன். மறுபடி கேட்டால் அவர் வேலையைச் சந்தேகப்படுகிற மாதிரி ஆகிவிடுமே என்றிருந்தது. டீ வேறு குடித்திருந்தேன். புது டிஸ்க் போட்டு லேப்டாப்பைத் தந்தார், திரையில் வெளிச்சம் வந்தது. பிறகு அவராகவே கேட்டார்: "பழசு வேணுங்களா?"

கேட்டார். அந்த மனிதர் கேட்டார். சாகும்வரை இது எனக்கு மறக்காது. வாங்கிக்கொண்டால், நம்ப மாட்டேங்கிறாளே என்று நினைப்பாரோ என்று தோன்றியது. செத்த டிஸ்க்கை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கவும் மனசு இல்லை. "பரவால்லீங்க தம்பி. அதை வெச்சு நான் என்ன பண்ணப்போறேன்? நீங்களே போட்டுருங்க" என்றேன்.

புது டிஸ்க்கோடு லேப்டாப் பத்து நாள் ஓடியது; பாடமெல்லாம் கடையில் இருக்கிறது, பிறகு ஏற்றித் தருவார்கள் என்று வீட்டுக்காரரிடம் சொல்லி வைத்தேன். பதினோராம் நாள் மறுபடி அதே இருட்டு, அதே மூன்று பீப். இந்த முறை எங்கள் பஸ் ஸ்டாப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் பெரியவரிடம் கொண்டு போனேன். அவர் கம்ப்யூட்டரும் பார்ப்பார். காந்திபுரத்தில் டிஸ்க் மாற்றிய கதையைச் சொல்லி, பீப் என்றதுமே அவர் கண்ணாடியை மேலே தள்ளினார்.

"எத்தனை தடவைங்க?"

"மூணுங்க."

பின்பக்கத் திருகுகளைக் கழற்றி, விரல் நீளத்தில் ஒரு பச்சைத் தகட்டை வெளியே எடுத்தார். ராம் என்றார், லேப்டாப்பின் நினைவுத் தகடாம். மேசையில் கிடந்த பென்சில் ரப்பரை எடுத்து, தகட்டின் மஞ்சள் விளிம்பை நாலு இழுப்பு தேய்த்தார். ஊதிவிட்டு மறுபடி மாட்டினார். திரை வெளிச்சமாயிற்று.

"தூசிதானுங்க. ராம் சரியா ஒட்டலைன்னா இப்படித்தான் கத்தும். டிஸ்க்குக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லீங்களே. அவரு திறந்து மூடுனதுல ராம் தானா உக்காந்திருக்கும், ஓடியிருக்கும். பழைய டிஸ்க்க கொண்டாங்க, மாட்டிப் பாக்கலாம். நல்லாத்தான் இருக்கும்."

ஓடுகிற மோட்டாரின் சத்தத்தைக் கேட்டே பேரிங் போயிற்றா காயில் போயிற்றா என்று சொல்கிறவள் நான். அந்த லேப்டாப் என் காதுக்குள்ளேயே கத்தியிருக்கிறது. அதைச் சிரித்துத் தள்ளிய ஆளை நம்பினேன், என் காதை நம்பவில்லை.

லேப்டாப்பை அங்கேயே விட்டுவிட்டு ஓடினேன். பஸ் கவுண்டம்பாளையம் தாண்டுவதற்குள் நூறு தடவை எழுந்து உட்கார்ந்தேன். கடைக்காரர் என்னைப் பார்த்ததும் அதே ஸ்டூலைப் போட்டார். நான் உட்காரவில்லை.

"தம்பி, அந்தப் பழைய டிஸ்க் இருக்குதுங்களா?"

அவர் முகம் மாறியது. "இல்லீங்களே அக்கா. பழசெல்லாம் சனிக்கிழம எடுத்துட்டுப் போயிருவாங்க."

"யாரு எடுத்துட்டுப் போவாங்க? நான் போய்க் கேக்கறேன்."

"போனாலும் பிரயோஜனம் இல்லீங்க்கா." சொல்லத் தயங்கினார். "யாரோட டிஸ்க்கா இருந்தாலும் சுத்தியில நாலு அடி அடிச்சுத்தானுங்க போடுவோம். ஊட்டுப் போட்டோவெல்லாம் இருக்கும், வெளியாள் கையில கெடைக்கக் கூடாதுங்களே. உங்க நல்லதுக்குத்தானுங்க."

ராம் என்றும் தூசி என்றும் நான் சொன்னதைக் கேட்டதும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. கையெடுத்துக் கும்பிட்டார். திட்டுவதற்கென்று வழியெல்லாம் சேர்த்து வைத்துக்கொண்டு போயிருந்தேன். என் வாயிலிருந்து வந்தது, "பரவால்லீங்க தம்பி." சொல்லிவிட்டு இறங்கி வந்து, பஸ் ஸ்டாண்டில் துணிக்கடை வாசலில் நின்று, போகிறவர் வருகிறவர் பார்க்க அழுதேன்.

என் வீட்டுக்காரரிடம் படித்த பிள்ளைகளுக்கெல்லாம் போன் செய்து, பழைய வகுப்புப் பதிவு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். பாதிப் பேர் போனை மாற்றிவிட்டார்கள், மீதிப் பேர் பரீட்சை முடிந்த அன்றே அழித்துவிட்டார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. பாடத்தை யார் வைத்திருப்பார்கள்?

இன்னும் ஒரு வாரம் வீட்டுக்காரரிடம் பொய் சொன்னேன். ரிப்பேருக்குக் கொடுத்திருக்கிறது, நாளைக்கு வந்துவிடும் என்றேன். ஐந்தரைக்கு அவர் மேசை முன்னால் உட்காருவதை நிறுத்தவில்லை. வெறும் மேசையைப் பார்த்து, "கே... கே..." என்று தானே முயன்று பார்ப்பார். திரையிலிருந்து வரும் குரல் இல்லாமல் அது "கே"யைத் தாண்டவில்லை. ஆறு மாதம் ஏறியதெல்லாம் என் கண் முன்னால் இறங்கிக்கொண்டிருந்தது.

எட்டாவது நாள் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"ஏனுங்க, உங்க பாடமெல்லாம் போயிருச்சுங்க. டிஸ்க் நல்லாத்தான் இருந்துச்சு. பழசு வேணுங்களான்னு அவரு கேட்டாருங்க. நாந்தான் வேண்டாம்னு சொல்லிப்போட்டு வந்தேன். எல்லாம் என்னாலதானுங்க."

அவர் என்னையே பார்த்தார். புரிந்துவிட்டது என்பது கண்ணில் தெரிந்தது. உதடு விரிந்து "அ" என்று தொடங்கியது. அடுத்த "ம்"முக்காக வாய் மூடித் திறந்து, மூடித் திறந்து தவித்தது. நான் மூச்சு விடாமல் காத்திருந்தேன். அது வரவில்லை.

"பரவால்லீங்க" என்றார். பஸ்ஸில் காலை மிதித்துவிட்ட யாரோ ஒருத்திக்குச் சொல்வதுபோல, சுத்தமாக, தெளிவாக.

நான் அவர் முழங்காலில் முகத்தை வைத்துக் கதறிவிட்டேன். அவர் இடது கையை என் தலையில் வைத்துத் தடவினார். தடவத் தடவ, அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.