ஊக்கு குத்தி ஓட்டிய மடக்கு சைக்கிள்

ஊரில் எல்லோரும் சைக்கிளை மிதிப்பார்கள். நான் அதை மடக்கிச் சம்பளம் வாங்குகிறவள். உத்திரமேரூருக்கு வெளியே ஒரு ஷெட்டில், மடியில் அடங்குகிற மாதிரி ஒரு மடக்கு சைக்கிள் செய்து பார்க்கிறார்கள். சார் வரைவார், மெக்கானிக் வெல்டிங் வைப்பார். நான் நாள் முழுக்க மடக்கி, விரித்து, ஷெட்டைச் சுற்றி ஓட்டி, என்ன குறை என்று சொல்ல வேண்டும். சொல்வதுதான் எனக்கு வராது. தொண்டை வரைக்கும் வந்த பேச்சை முழுங்கியே பழகினவர்களே, உங்களுக்குத்தான் இது.

பெருநகர் பஸ்

கூட்டத்தில் கொண்டுபோக முடிகிறதா என்று பார்க்க, சார் என்னைப் பெருநகர் ஊருக்குப் போகிற பஸ்ஸில் அனுப்பினார். கிரீஸ் ஒட்டாமல் இருக்க, என் பெண்ணின் பழைய போர்வையைச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன். பக்கத்து சீட்டு அம்மா நகர்ந்து இடம் விட்டார். மேலே சாய்ந்தவர்களையெல்லாம் அதட்டித் தள்ளி நிற்க வைத்தார். "இது சைக்கிள்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இறங்கும்போது சொன்னார்: "மூஞ்சிய இப்டி மூடாதம்மா, கொயந்திக்கு மூச்சு முட்டும்."

கொக்கி

இன்னும் சின்னதாக்கணும் என்று, நடு மடிப்பைப் பூட்டுகிற கொக்கியை சார் மேல்பக்கம் மாற்றினார். பேண்ட் போட்டு ஓட்டிய சாருக்கும் மெக்கானிக்குக்கும் ஒன்றும் ஆகவில்லை. எனக்கோ, மிதிக்க மிதிக்கப் புடவைக் கொசுவம் உரசி, கொக்கி மெல்ல மேலே ஏறிக் கழலப் பார்த்தது. தப்பு என் புடவையில்தான் என்று நினைத்தேன். மறுநாளிலிருந்து கொசுவத்தை ஒதுக்கி இடுப்போரம் ஊக்கு குத்திக்கொண்டு ஓட்டினேன். கொக்கி அசையவே இல்லை. சாருக்கு அவ்வளவு சந்தோஷம்: "உங்க கையில ஒரு குறையும் வரலம்மா, இனிமே யார் வேணா ஓட்டலாம்."

திருப்புலிவனம் வளைவு

ஷெட்டில் சாமான் துடைக்கிற கஸ்தூரி அக்கா, சார் அப்படிச் சொன்ன அன்றே சாயங்காலம் அந்த சைக்கிளில்தான் வீட்டுக்குக் கிளம்பினார். "இன்னாடி, பொம்ம வண்டி மாரி கீது" என்று சிரித்துக்கொண்டே ஏறினார். அவர் கொசுவம் காற்றில் ஆடுவதைப் பார்த்தேன். என் ஊக்கைக் கழற்றிக் கையில் வைத்திருந்தேன். கூப்பிடவில்லை.

வளைவில் கொக்கி திறந்து, ஓடும்போதே சைக்கிள் மடிந்துவிட்டது. அக்காவுக்கு வலது கை முறிந்தது. ஆஸ்பத்திரியில் கட்டில் பக்கத்தில் நின்று, ஊக்கு விஷயத்தை அழுதபடி சொன்னேன். அக்கா கேட்டார்: "கோளாறு வண்டில கீது, நீ இன்னாத்துக்குடி பொடவைக்கு ஊக்கு குத்தினே?"

ரெண்டு விரல்

மறுநாள் ஊக்கு இல்லாமல் போனேன். "சார், பாருங்க" என்று மட்டும் சொல்லி, மெக்கானிக் சரிசெய்து வைத்திருந்த அதே சைக்கிளில் ஏறினேன். அரைச் சுற்றுக்குள் கொக்கி திறந்தது, காலை ஊன்றிக்கொண்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். சார் கொக்கியை அடிப்பக்கம் வைத்து மறுபடி வரைந்தார். மடக்கிய சைக்கிள் இரண்டு விரல் பெருத்தது. மாதக்கணக்கில் மெனக்கெட்டு அவர் குறைத்த இரண்டு விரல். பென்சிலைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "இனிமே ஊக்கு குத்தாம வாங்கம்மா, அதுக்குத்தான் உங்கள வெச்சிருக்கேன்."

எங்கள் சைக்கிளைத் திறக்க ஒரு கை போதும். என் வாயைத் திறக்கத்தான் இன்னொருத்தியின் கை முறிய வேண்டியிருந்தது.